முலியெர் அட்டை

லத்தீன்–தமிழ் அகராதி வேலை நடந்தது அச்சகத்தின் மாடியில், இரண்டே அறைகளில். உள்ளறையில் பதிப்பாசிரியரான சித்தப்பா. வெளியறையில் அவருடைய அண்ணன் மகள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே பொருள், கீழே எடுத்துக்காட்டு வாக்கியம். ஒன்பது வருடத்தில் இருபதாயிரம் அட்டை, அத்தனையும் அவள் எழுதியது. முகப்பிலோ சித்தப்பா பெயர் மட்டும்.

"என் பேரையும் போடுங்க சித்தப்பா."

"வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கும்மா பேரு? ஊர் சிரிக்கும்."

முதுகொடிய எழுதும்போது சிரிக்காத ஊர், பெயர் போட்டால் மட்டும் சிரிக்குமாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெண்ணைக் குறிக்கும் சொற்கள் தனிக் கட்டாக வந்தன. "பொம்பள வார்த்தைதானே, நீயே பாத்துக்கோ" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார் மனிதர். அவளுக்கு அது போதாதா!

உக்சோர், மனைவி: 'மனைவி நேற்றுச் சொன்னதைக் கணவன் இன்று தன் யோசனையாகச் சொன்னான்.' விராகோ, துணிச்சல்காரி: 'துணிச்சல்காரி பல்லியை விரட்டினாள், பேரறிஞர் நாற்காலிமேல் ஏறி நின்றார்.' கடைசியாக முலியெர், பெண்: 'இந்நூலை எழுதியவள் பெண், முகப்பில் இருப்பதோ ஆணின் பெயர் மட்டும்.'

புரூப் வந்த அன்று சித்தப்பா அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். தோளுக்குமேல் எட்டிப் பார்த்த சித்தி வயிறு குலுங்கச் சிரித்தாள். "இது நம்ம வீட்டுப் பல்லிதானே?"

மறுநாள் காலையில் படியேறி வந்தவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எல்லாத்தையும் அடிச்சுடு!"

"எட்டாவது விதி, சித்தப்பா. நீங்க வகுத்ததுதான்."

கையெழுத்தான அட்டையில் ஒரு வாக்கியத்தை அடிக்க வேண்டுமானால், அதில் என்ன பிழை என்று சீட்டெழுதி, பதிப்பாசிரியரே ஒப்பமிட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். சித்தப்பா சோற்றை விட்டாலும் விடுவார், விதியை விடமாட்டார்.

முதலில் முலியெர் அட்டையை எடுத்தார். சீட்டில் 'பொய்' என்று எழுதப் பேனாவைத் திறந்தார். எதிரே சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். எதைத் திறந்தாலும் அவள் எழுத்துதான். எழுதக் கை வரவில்லை; உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. பேனாவை மூடினார்.

"பொய்யா இருந்தாத்தான் அடிக்கலாம், இல்லியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"பொய்யாக்கிட்டா?"

"தாராளமா அடிக்கலாம். சீட்டை நானே எழுதித் தரேன்."

பெருமூச்சு விட்டு முகப்புத் தாளை இழுத்தார். தன் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அவள் பெயரை எழுதினார். பிறகு அவள் நீட்டிய சீட்டில் ஒப்பமிட்டார்: 'முலியெர் வாக்கியம் உண்மைக்குப் புறம்பானது. நீக்குக.'

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"சரி, அந்தப் பல்லி?" என்றார் மெதுவாக.

"அதுல என்ன பிழைன்னு எழுதறது சித்தப்பா? சித்தி சாட்சி இருக்காங்களே!"