ஆறு வெட்டு

1976 ஜூலை 14, புதன். திங்கட்கிழமை ஒரு மருந்துப் புட்டியில் வேளைக் கணக்குக்கு ஒட்டும் அளவுத் தாளில் ஐந்து வெட்டு போட வேண்டிய இடத்தில் ஆறு போட்டுவிட்டேன். சிறு பிழைதான். சிறு பிழையா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டுச் சொர்ணலதா பேனாவை நிறுத்தினாள். டைப்ரைட்டிங் மாலை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே உத்தமபாளையம் கடைவீதியில் சாரல் மிதந்துகொண்டிருந்தது. மேற்கே மலை இருந்த இடத்தில் மலை இல்லை. ஈரமான ஒரு வெண்மை மட்டும் நின்றது.

மருந்தாளுநர் படிப்பை முடித்தவள் அவள். ஆனால் ஆஸ்பத்திரி ஒன்றில் ஐந்நூறு மணி நேரம் பயிற்சி பெற்றால்தான் பதிவு கிடைக்கும். அன்றன்று கலக்கிய மருந்தையெல்லாம் பயிற்சிப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் பொறுப்பு மருந்தாளுநர் ஞானபாக்கியம் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஐந்நூறு நிறைந்ததும் பெரிய டாக்டர் ஒப்பமிடுவார். வேலையில் பிழை தெரிந்தால் அந்த நாளின் எட்டு மணி நேரமும் அடிபட்டுப் போகும். இன்று காலை அவளுக்கு நானூற்று எண்பத்து நான்கு ஆகியிருந்தது. இன்றும் நாளையும் போனால் முடிந்தது. நாளை மாலை டாக்டர் ஒரு மாத விடுப்பில் போகிறார். இந்த மாதக் கடைசிக்குள் பதிவோடு வந்தால் போடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை.

இன்று காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். கோம்பைப் பக்கத்துப் பிச்சையம்மாளும் அவள் மாமியார் மொக்கம்மாளும். பிச்சையம்மாளின் தோளில் குழந்தை இருமியது.

மொக்கம்மாள் புட்டியை ஜன்னல் பலகையில் வைத்தாள். "இங்கன பாருங்க கம்பவுண்டரம்மா. ரெண்டு நாளைக்கு ஆறு வேளைன்னு டாக்டரய்யா சொன்னாக. இன்னைக்குக் காலையோட ஆறும் முடியணும். ஒரு வெட்டு மிச்சங் கெடக்கு. பெத்தவ ஒரு வேளைக்குக் குடுக்க மறந்துட்டா. இருமல் எப்பிடி நிக்கும்?"

"மறக்கல அத்தை. ஆறு தடவை குடுத்தேன்."

"ஆமா, மருந்து புட்டிக்குள்ளயே குட்டி போட்டுச்சாக்கும்!"

பிச்சையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். தன் விரல்களைத்தான் மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாள். தானே மறந்திருப்போமோ என்ற சந்தேகம் அவள் முகத்திலேயே வந்துவிட்டது.

சொர்ணலதா புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். திங்கட்கிழமையும் இப்படித்தான் பிடித்திருந்தாள். சிவப்பு மருந்துக்குள் ஜன்னல் தலைகீழாகத் தொங்கியது. அதற்குள் வேப்பமரமும் சிவப்பாக, காற்றில்லாத ஏதோ ஊரின் மரம்போல அசையாமல் நின்றது. அன்று அந்த ஊருக்குள் அவள் மனம் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஞானபாக்கியம் "ஆறு வெட்டு!" என்று குரல் கொடுத்தாள். ஒரு வேளை மருந்தை இந்தப் பக்கத்தில் ஒரு வெட்டு என்பார்கள். ஆறு பங்குக்குத் தாளில் நடுநடுவே ஐந்து வெட்டுதான் விழும். சொர்ணலதாவோ சொன்னது சொன்னபடி, ஸ்கேல் வைத்து அளந்து, ஆறு வெட்டினாள். பங்கு ஏழாகிவிட்டது.

இப்போது பக்கத்தில் நின்ற ஞானபாக்கியமும் தாளைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு முப்பது வயதிருக்கும், வாய் ஓயாதவள். ஆனாலும் தாழ்ந்த குரலில், "வேற புட்டி குடுத்து அனுப்பு. புத்தகத்துல ஏத்தாத. கையெழுத்து என்னோடது" என்றாள்.

சொர்ணலதா புட்டியைப் பலகையில் வைத்தாள். வேறு புட்டி கொடுத்தால் குழந்தைக்குச் சரியாகிவிடும். கோம்பை வரைக்கும் பஸ்ஸில் அந்தப் பெண் மாமியாரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே போக வேண்டுமா?

"பாட்டி, உங்க மருமக மறக்கல" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "நான்தான் தப்பா வெட்டிட்டேன். ஏழு பங்கு ஆயிருச்சு. அதுனால வேளைக்குக் கொஞ்சங் கொறஞ்சுபோச்சு."

மொக்கம்மாள் புட்டியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன!" யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. குழந்தையை மருமகள் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிச்சையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

குழந்தையை மறுபடி டாக்டரிடம் காட்டிப் புது மருந்து கொடுத்து அனுப்பியதும் ஞானபாக்கியம் வெடித்தாள். "ஏ புள்ள, ஒன் எட்டு மணி நேரந்தான போச்சு? எம் பேரும் சேந்துல்ல போச்சு!"

"நீங்க சொன்னது ஆறு வெட்டுதானக்கா?"

"வெட்டுன்னா வெட்டா? கல்யாணத்துக்குப் பத்து இலைன்னா வாழைத்தோப்புக்கா போவ?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. ஞானபாக்கியம் பயிற்சிப் புத்தகத்தை இழுத்துத் திங்கட்கிழமையை ஒரே கோட்டில் அடித்தாள். சற்று நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே பொடி எழுத்தில் எழுதினாள்: 'சரிபார்த்தவர் தாளை எண்ணவில்லை.' கையெழுத்திட்டுப் புத்தகத்தைச் சொர்ணலதா பக்கம் தள்ளிவிட்டாள்.

வெளியே சாரல் விட்டிருந்தது. வெண்மை விலகி, மலையின் ஒரு தோள் மட்டும் தெரிந்தது. சொர்ணலதா மறுபடி பேனாவை எடுத்தாள்.

ஆனது 484. திங்கள் எட்டு போக, இன்று எட்டு சேர, மறுபடி 484. நாளையோடு 492. டாக்டர் ஒப்பம் ஆகஸ்டில்தான். இந்த மாதம் வர முடியாதென்று போடிக்குக் கடிதம் எழுதியாயிற்று.

நாளை: காலை எட்டு மணிக்கு வேலை. முதலில் இருபது அளவுத் தாள் மடித்து வெட்டி வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து வெட்டு.