செசீலியம்மாள் என்கிற மணி

எங்கள் ஊர் மாதா கோயில் அருங்காட்சியகமானபோது, அதன் மணி என்று என் மனைவியின் பெயர் பட்டியலில் ஏறியது. அவளை மணிக்கூண்டில் ஏற்றினார்கள்.

தவறென்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் மணிக்கும் ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைப்பார்கள். செசீலியம்மாள் என்ற மணிக்கும் செசீலியம்மாள் என்ற குழந்தைக்கும் ஒரே ஞாயிறு, ஒரே ஞானத்தாய். பதிவேட்டில் அடுத்தடுத்த வரி. காப்பாட்சியர் தணிகைவேல் மேல்வரியை மணி என்று எடுத்துக்கொண்டார். கீழ்வரியை, அதாவது நிஜ மணியை, என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

கட்டடம் தங்களுடையது என்று மறைமாவட்டமும் அருங்காட்சியகத் துறையும் வழக்காடின. தீர்ப்பு வரும்வரை எந்தப் பொருளும் அசையக் கூடாது. நான் அங்கே இரவுக் காவல். என் சாப்பாடு மணிக்கயிற்றில் இறங்கும்.

மகள் பவுலினுக்குத் தூத்துக்குடியில் தலைப்பிரசவம். அவளும் அசையக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் வேலை முடிந்ததும் காப்பாட்சியரிடம் போனேன்.

"பத்து நாள் விடுங்க ஐயா. பிள்ளைக்கு அம்மா பக்கத்துல வேணும்."

"அம்மாவை யாரு தடுத்தா? மணியைத்தான் விட முடியாது." பதிவேட்டின் கீழ்வரியில் விரலை வைத்தார். "இவங்க போகலாம். இவங்க மேல வழக்கு இல்லை."

கூண்டிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அவளா? பிரசவம் பாக்க அவளுக்கு என்ன தெரியும்?"

"உனக்கு மட்டும் அடிக்கத் தெரிஞ்சுதா?"

 அவள் பழைய சேலைத் துணிகளை மடித்துக் கயிற்றில் இறக்கினாள். "வெந்நீர் அவ மேல படாமப் பாத்துக்கச் சொல்லுங்க. விரிசல் விட்டிரும்."

வீட்டிலிருந்த மணியை நாலு பேர் தூக்கி பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் மகளிர் இருக்கையைக் காட்டினார்.

ஒன்பதாம் நாள் பவுலின் போனில் பேசினாள். "பொம்பளப் பிள்ளைப்பா. அம்மா மடியிலதான் கிடக்கு. அம்மா கைதான் ஜில்லுனு இருக்கு."

"யாரு ஜாடை?"

"கோயில் ஜாடைப்பா. மேற்கு வாசல் அப்படியே இருக்கு."

அன்று மாலையே, பூசை வைக்க இடமில்லாதிருந்த பங்குச் சாமியார் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனார். பிள்ளை தூங்குது, செருப்பைக் கழற்றிட்டு வாங்க என்றாளாம் பவுலின். கழற்றிவிட்டு ஒவ்வொருவராகப் பிள்ளைக்குள் போனார்கள். பூசை முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆனதாம்.

கூண்டின் கீழே நின்று செசீலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உள்ள காத்து வருதாமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்காம்" என்றேன்.