முப்பத்தேழாம் நம்பர் குப்பி

ஹபீபா பீவிக்குப் பொய் சொல்ல வராது. இதை அவளுடைய நற்குணங்களில் ஒன்றாகத் தேங்காய்ப்பட்டணத்தில் யாரும் எண்ணியதில்லை. பொய் சொன்னால் அவளுக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும், குரல் இரண்டு படி ஏறிவிடும், அவ்வளவுதான் விஷயம். அப்படிப்பட்டவள் ஆறு செவ்வாய்க்கிழமைகளாக ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே ஒரே பொய்யைச் சொல்லிவந்தாள். அந்தப் பெண்ணோ கணக்குப் பாடத்தில் தங்கப்பதக்கம் வாங்கினவள், மூக்கைப் பார்த்து மனசை வாசிக்கத் தெரியாதவள்.

அவள் பெயர் ஜெஸ்பின். நெய்யூர்க்காரி. பிஎச்டிக்காக ஊர் ஊராக அலைகிறாள். தை மாதம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, ரத்த அழுத்தம் உள்ள பெண்களாகப் பார்த்து எண்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னத்துக்கு என்று ஹபீபா கேட்டபோது ஜெஸ்பின் பொறுமையாகவே சொன்னாள்.

"கடக்காத்துல இரும்பு துருப்பிடிக்கும்லா மாமி? ரத்தக் குழலும் உள்ளுக்குள்ள ஏறக்குறைய அப்பிடித்தான் கெட்டுப்போகுது. மாதுளையில ஆன்டிஆக்சிடன்ட்ணு ஒரு சத்து இருக்கு. அது இந்தத் துருவைத் தடுக்கும், பிரஷரைக் குறைக்கும்ணு சொல்லுதாங்க. நெசமாண்ணு பாக்கணும். பன்னிரண்டு வாரம், நாளுக்கு ஒரு குப்பி."

இன்னொன்றும் சொன்னாள். பாதிப் பேருக்குத்தான் நிஜமான மாதுளைச் சாறு. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே ருசியில் செய்த வேறொரு பானம். யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுக்கிற தனக்கும் தெரியாது, ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டருக்கும் தெரியாது. குப்பியில் நம்பர் மட்டும் இருக்கும். நம்பருக்கான பட்டியல் கல்லூரியில் வேறொருவரிடம் பூட்டி இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் ஒழியத் திறக்கமாட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்ட எண்பது பெண்களும், தங்களுக்குக் கிடைத்தது நிஜச் சாறுதான் என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஹபீபாவின் நம்பர் முப்பத்தேழு.

அதே முகாமில் வரிசையில் நின்று, திருப்பி அனுப்பப்பட்டவள் ஃபாஸிலா. ஹபீபாவின் கணவர் ஜலாலுதீனின் தங்கை. அவளுடைய சிறுநீரகங்கள் பாதி வேலைதான் செய்கின்றன என்று ஒரு வருடத்துக்கு முன்புதான் தெரியவந்தது. டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. ஆனால் வாழைப்பழம் முதலான பழங்கள் கூடாது, இளநீர் கூடாது, கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று ஒரு நீளமான சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பதினைந்து வருடத்துக்கு முன் தலாக் ஆகி, ஒரு தையல் மிஷினோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் ஃபாஸிலா. மாமியார் மவுத்தாகி, வீடு அப்போதுதான் ஹபீபாவின் கைக்கு வந்திருந்தது. மூன்றாம் மாதம், அடுக்களையில் நின்றுகொண்டு, "வந்தவளுக்குப் போற வழி தெரியல்ல போல" என்றாள் ஹபீபா. ஃபாஸிலாவின் காதில் விழவேண்டும் என்றேதான் சொன்னாள், விழவும் செய்தது. அன்றிலிருந்து ஃபாஸிலா தன் சோற்றைத் தனிச் சட்டியில் பொங்கிக்கொண்டாள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. ஒரே அடுப்பில் இரண்டு சட்டி, பதினைந்து வருடம். நாத்தனாரும் மைனியும் வாய்விட்டுச் சண்டை போடுகிற வீட்டில்கூட எப்போதாவது ஒருநாள் சமாதானம் வந்துவிடும். வாயை மூடிக்கொண்டவர்களுக்கு அதற்கும் வழி இல்லை.

குப்பி வந்த முதல் வாரம் ஹபீபா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துப் பார்த்தாள். புளிப்பில் பல் கூசியது. எட்டாம் நாள் குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, கொட்டிவிடலாமா என்று யோசித்தாள். மனம் வரவில்லை. மாதுளையில் ஒரு முத்தாவது சொர்க்கத்தில் இருந்து வந்தது, அது எந்த முத்து என்று தெரியாததால் ஒன்றைக்கூடக் கீழே போடக்கூடாது என்று அவளுடைய உம்மா சொல்லி வளர்த்திருந்தாள். ஆகவே ஒரு கிளாசில் ஊற்றி, தையல் மிஷின் பக்கத்தில் கொண்டு வைத்து, "இந்தா, வேணும்னா குடி" என்றாள். அதில் அன்பும் இல்லை, மண்ணும் இல்லை.

ஃபாஸிலா கிளாசைப் பார்த்தாள், ஹபீபாவைப் பார்த்தாள், குடித்தாள். பிறகு கிளாசைக் கழுவி, துடைத்து, ஹபீபாவின் அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாளும் ஹபீபா கொடுத்தாள். நாலாம் நாள் வெயில் அதிகம் என்பதால் குப்பியை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரக் கடைசியில், கிளாஸ் காலியாகும் வரை பக்கத்தில் நின்றுகொண்டு, தெருவில் யாருக்கு என்ன தைக்கிறாய் என்று கேட்டாள். அதற்கடுத்த வாரம் நிற்காமல் உட்கார்ந்துவிட்டாள். பழம் கூடாது என்ற சீட்டு அவள் நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் இது பழமா? டாக்டர்மார் ஆராய்ச்சி செய்து, குப்பியில் அடைத்து, நம்பர் ஒட்டித் தருவது. இது மருந்து. அப்படி ஒரு நியாயத்தை ஹபீபா தனக்குள் கட்டி, அதன்மேல் வசதியாக உட்கார்ந்தும் கொண்டாள். ஃபாஸிலாவின் முகத்தில் தெளிச்சம் வந்தது. ஒருநாள் மாடிப்படியில் எங்கும் நிற்காமல் ஏறி, துணி காயப்போட்டு வந்தாள். ஹபீபாவுக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது.

ஏழாவது செவ்வாய்க்கிழமை ஜெஸ்பின் வந்து, கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். முதல் நாள் இருந்த அளவில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

"ஒழுங்கா குடிக்கியளா மாமி?"

"குடிக்கேன் மோளே. முழுசும் குடிக்கேன்" என்றாள் ஹபீபா. மூக்கு விடைத்தது.

ஜெஸ்பின் குனிந்து எழுதிக்கொண்டே சொன்னாள். "இனயம் ஊர்ல ஒரு அக்காவை நேத்து நிறுத்திட்டோம். ஆறாவது வாரம் ரத்தம் பாத்தோம்லா, அதுல கிட்னி சரியில்லண்ணு தெரிஞ்சுது. நல்லவேளை முந்தியே தெரிஞ்சுது."

"கிட்னிக்கு இது ஆகாதா?"

"மாதுளையில பொட்டாசியம் கூடுதல் மாமி. நமக்கெல்லாம் அது மூத்திரத்துல போயிரும். கிட்னி கெட்டவங்களுக்குப் போகாது, ரத்தத்துலயே நிக்கும். அது கூடிச்சுண்ணா நெஞ்சு துடிக்கிறது தப்பும். சில சமயம் நிண்ணும் போவும்."

ஹபீபா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அரைமணி நேரத்துக்கு முன்புதான் இன்றைய குப்பியை ஊற்றிக் கொடுத்திருந்தாள். இதை இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் மனசு ஓடிப்பார்த்தது. களியக்காவிளைக் கடையில் இருந்து ஜலாலுதீன் வந்து நிற்பார். பதினைந்து வருடம் வேண்டாதவளாக வைத்திருந்து, கடைசியில் என் தங்கச்சிக்கு விஷம் கொடுத்தாயா என்று கேட்பார். தெருவும் கேட்கும். சொல்லாமல் இருந்துவிட்டு, நாளையிலிருந்து கொடுக்காமல் நிறுத்தினால் போதாதா?

அந்த நேரம் மிஷின் சத்தம் நின்றது.

ஹபீபா எழுந்து ஓடினாள். மூட்டுவலி என்று ஆறு மாதமாகத் தொழுகையையே நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவள், அன்று ஓடினாள். ஃபாஸிலா மிஷினில் நூல் மாற்றிக்கொண்டிருந்தாள். "என்ன மைனி?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல ஹபீபாவுக்கு வாய் வரவில்லை. அப்படியே திரும்பி முன்னறைக்கு வந்து, ஜெஸ்பினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மோளே, நான் குடிக்கல்ல. அவளுக்காக்கும் குடுத்தேன்."

ஜெஸ்பினுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது.

"எவ்வளவு?"

"முழுக் குப்பியும்."

"எப்பம் முதல்?"

"ரெண்டாவது வாரம் தொட்டு."

திட்டியிருக்கலாம். மூன்று வருட உழைப்பில் ஒரு பங்கைத் தண்ணீராக்கியவளை யாரும் திட்டுவார்கள். ஜெஸ்பின் திட்டவில்லை. வாசலுக்குப் போய் பெரிய டாக்டர் ஜான்ரோஸுக்குப் போன் செய்தாள். வந்து, "மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு வரச் சொல்லுதாரு. அவரும் வருவாரு. பட்டியலையும் திறக்கச் சொல்லிட்டாரு" என்றாள்.

ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினார்கள். புதுக்கடைச் சந்திப்பில் வண்டி நெரிசலில் நின்றபோது, நடுவில் இருந்த ஃபாஸிலாவிடம் ஹபீபா எல்லாவற்றையும் சொன்னாள். சாற்றில் என்ன இருக்கிறது, அது நெஞ்சை என்ன செய்யும், தெரியாமல் செய்துவிட்டேன், என்னைப் பொறுத்துக்கொள். ஃபாஸிலா முழுவதையும் கேட்டுவிட்டு "ம்" என்றாள். பிறகு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஹபீபா பிழைத்துப் போயிருப்பாள். அந்த ஒற்றை "ம்" மார்த்தாண்டம் வரைக்கும் அவளை அறுத்தது.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வெளியே பெஞ்சில் ஹபீபா தஸ்பீஹ் மணியை உருட்டினாள், எண்ணிக்கை மனசில் நிற்கவில்லை. யா அல்லாஹ், இவளை விட்டுவிடு, நான் இவளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். கேட்ட மாத்திரத்தில், இவளை இழக்கத் தன்னால் முடியாது என்பது அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாளும் இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் ஜான்ரோஸ் கையில் தாளோடு வந்தார்.

"ஈசிஜி நல்லாருக்கு. பொட்டாசியம் நாலு புள்ளி எட்டு. பயமில்லை. பட்டியலும் பாத்தாச்சு. முப்பத்தேழாம் நம்பர் குப்பி மாதுளை இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஹபீபா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பம் நான் குடிச்சது?" என்றாள் ஃபாஸிலா.

"நிறமும் புளிப்பும் கொஞ்சம் மணமும் சேர்த்த வெறும் தண்ணி. மாதுளை ஒரு சொட்டும் கிடையாது."

ஃபாஸிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாயவெள்ளத்தையா குடிச்சிட்டு நான் மாடிப்படி ஏறுனேன்?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். "அதுவும் உண்டு. நம்பிக் குடிச்சா உடம்பு கொஞ்சம் கேக்கும். அதனாலதான் ரெண்டு வகையா குடுத்துப் பாக்கிறோம்." ஜெஸ்பின் பையில் இருந்து ஹபீபாவின் படிவத்தை எடுத்து, 'விலக்கப்பட்டார்' என்று எழுதித் தேதி போட்டாள். ஃபாஸிலா மாடிப்படி ஏறியதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

டாக்டர் ஃபாஸிலாவின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது.

"பழம் சேர்க்கக் கூடாதுண்ணு உங்க கிட்னி டாக்டர் சொல்லலையாம்மா?"

"சொன்னாரு."

"இதுல பொட்டாசியம் இருக்கும்ணு தெரியாதா?"

"தெரியும். முகாம்ல என்னைத் திருப்பி விட்டப்பமே இந்தப் பிள்ளைட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன்."

ஹபீபா நிமிர்ந்து பார்த்தாள். ஜெஸ்பினும் பார்த்தாள்.

"பிறகு ஏன் குடிச்சீங்க?"

ஃபாஸிலா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "பதினஞ்சு வருசமா அந்த வீட்டுல இருக்கேன் டாக்டரே. மைனி எனக்குண்ணு எடுத்து வச்சுத் தந்தது அது ஒண்ணுதான். வேண்டாம்ணு நான் எப்பிடிப் பறைய?"

ஹபீபாவால் அதைத் தாங்க முடியவில்லை. தகுதி இல்லாத இடத்தில் தன்னைத் தூக்கி வைக்கிறாள் என்று தோன்றியது.

"ஏட்டி, உள்ளதைச் சொல்லட்டா? மொதல்ல நான் உனக்குண்ணு தரல்ல. எனக்குப் புளிச்சுது. கொட்ட மனசு வராமத்தான் உன்கிட்ட கொண்டு வச்சேன்."

"அதும் எனக்கு அறியும் மைனி" என்றாள் ஃபாஸிலா. "பொறவு ஃப்ரிட்ஜில வச்சு தந்தியள்லா?"

ஹபீபா அழுதாள். ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல், சிறுபிள்ளை மாதிரி அழுதாள். ஃபாஸிலா தடுக்கவில்லை, பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹபீபா எழுந்து, புறப்படத் தயாராக நின்ற டாக்டரை மறித்தாள்.

"டாக்டரே, இவளுக்கு நான் என்ன குடுக்கலாம்? பெரிய எழுத்துல எழுதித் தாங்க."

டாக்டர் ஒரு தாளைக் கிழித்து எழுதினார். ஆப்பிள் தோல் சீவிப் பாதி, இல்லையென்றால் கைதச்சக்கை என்கிற அன்னாசி இரண்டு சிறு துண்டு, மற்றதை அவளுடைய டாக்டரிடம் கேட்க வேண்டும். ஹபீபா தாளை ஜெஸ்பினிடம் கொடுத்து இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். முன்பு கையெழுத்துப் போட்ட எந்தத் தாளையும் அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"ரெண்டு துண்டுண்ணு போட்டிருக்கே" என்றாள் ஹபீபா. "அது ஒரு நாளைக்கா, ஒரு நேரத்துக்கா?"