லைனிங்குக்கு ஒரு கழுத்துப்பட்டை

1

முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இது கதையாக வேண்டிய சங்கதியே இல்லை. ஒரு மாத இதழின் கடைசிப் பக்கத்துக்கு, வீட்டுப் பூனைகளைத் தெள்ளுப்பூச்சியிடமிருந்தும் உண்ணியிடமிருந்தும் காப்பாற்றுவது எப்படி என்று அரைப்பக்கம் கேட்டார்கள். நானும் சமர்த்தாக உட்கார்ந்து எழுதினேன்:

வீட்டுப் பூனைகளைத் தாக்கும் புற ஒட்டுண்ணிகளுள் முதன்மையானவை

அவ்வளவுதான், வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. என் மடியில் படுத்திருந்த பூனையின் முதுகிலிருந்து ஒரு தெள்ளு எழும்பி, ‘முதன்மையானவை’ மேலேயே வந்து உட்கார்ந்தது. பேனா முனையால் அமுக்கப் போனேன். துள்ளிக் காணாமல் போய்விட்டது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவ்வளவு துறுதுறுப்பான பிராணியைப் பற்றி இப்படிச் செத்த தமிழிலா எழுதுவது? தாளைக் கசக்கி எறிந்தேன். அடுத்த தாளில் மோகனா வந்து நின்றாள்.

2

மோகனாவுக்குப் பூனை என்றால் உயிர்.

[எல்லாக் கதையிலும் யாருக்காவது எதுவாவது உயிராக இருக்கிறது. அடித்துவிட்டேன்.]

மோகனாவுக்கு உண்ணி என்றால் ஜென்ம விரோதி.

இது சரி. இதிலிருந்து கிடுகிடுவென்று எழுதலாம். மாதனூரில் கம்பெனி பஸ் ஏறி, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றுக்குப் போகிறவள் அவள். கட்டிங் செக்‌ஷனில், வெட்டுவதற்கு முன்னால் தோலை விரித்துப் போட்டுக் குறை பார்ப்பது அவள் வேலை. மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த இடம், தோலைப் பதப்படுத்திச் சாயம் ஏற்றிய பிறகும் கடுகளவு புள்ளியாகத் தங்கிவிடும். அதை விரலால் தடவியே கண்டுபிடித்து, வெள்ளிப் பென்சிலால் சுற்றி வட்டம் போடுவாள். வட்டம் விழுந்த இடத்தில் ஷூவின் முகப்பை வெட்ட முடியாது. வட்டங்கள் கூடினால் சூப்பர்வைசர் அவள் மேல்தான் எரிந்து விழுவார், கடித்ததே அவள்தான் என்பதுபோல.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பகலெல்லாம் மாட்டுத்தோலைத் தடவுகிறவள், வீட்டுக்கு வந்து பூனையையும் தடவுவாளா? கை சலித்துப் போகாதா? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மோகனா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சந்தேகத்தை வாபஸ் வாங்கினேன்.)

பூனையின் பெயர் லைனிங். மேலே சாம்பல், அடிவயிறு வெள்ளை. ஷூவுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற மெத்தென்ற தோல் மாதிரி. பக்கத்து மேஜையில் வேலை செய்யும் ஆம்பூர் ஹுமேரா, தன் வீட்டுப் பூனை போட்ட குட்டிகளில் ஒன்றைப் பிஸ்கட் பெட்டியில் வைத்துக் கொடுத்த பூனை அது. மோகனாவுக்கும் கணவன் கோபிக்கும் குழந்தை இல்லாததால்

[இந்த வரி வேண்டாம். கண்ணீர் வரவழைக்கும் குறுக்கு வழி இது. குழந்தை இருந்தாலும் அவள் இந்தப் பூனையை இப்படித்தான் கொஞ்சியிருப்பாள்.]

3

ஞாயிற்றுக்கிழமை காலை. லைனிங்கின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்த மோகனாவின் விரல் சட்டென்று நின்றது. பார்க்காமலே தெரிந்துவிட்டது. முடியை விலக்கினால், துவரம்பருப்பு அளவுக்கு உப்பிப்போய் ஒரு உண்ணி.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷமாகத் தழும்பை மட்டும் பார்த்தவளுக்குத் திருடனே கையில் சிக்கிவிட்டான். அதுவும் தன் வீட்டில், தன் பூனையின் காதில்.

* அரைப்பக்கக் கட்டுரையாக இருந்தால் இங்கே இப்படி எழுதியிருப்பேன்: உண்ணியை இடுக்கியால் தலையோடு பற்றி நேராக இழுங்கள். தெள்ளுக்கு, பல் நெருங்கிய சீப்பால் வாருங்கள். பூனை படுக்கும் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். மருந்து போடுவதானால், பூனைக்கென்றே வரும் மருந்தை, அதன் எடைக்குத் தக்கபடி, கால்நடை மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

மோகனா இடுக்கி வேலையைக் கச்சிதமாகச் செய்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குக் கதை இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அது வந்த வேகத்தில் எனக்கே கை பரபரத்தது. கழுத்துப்பட்டை! கம்பெனியிலிருந்து கொண்டு வந்த லைனிங் தோல் துண்டு வீட்டில் கிடந்தது. பட்டையாக வெட்டினாள், ஓரத்தைச் சீவினாள், துளை போட்டாள், பழைய செருப்பின் பக்கிளைப் பிரித்தெடுத்துத் தைத்தாள். கடையில் விற்கிற பட்டையெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். கொல்லையில் கட்டியிருந்த பசுவின் உண்ணிக்காகக் கோபி பக்கெட்டில் கலக்கி வைத்திருந்த மருந்தில் அதை முக்கி எடுத்தாள்.

“இது மாட்டுக்குப் போடறதாச்சே,” என்றான் கோபி.

“மாட்டு மேல இருக்கற உண்ணிதான இது மேலயும் இருக்குது? கம்மியாதான் நனைச்சேன். தோலு எவ்ளோ குடிக்கும்னு எனக்குத் தெரியாதா இன்னா?”

தெரியும். வினையே அதுதான். தோல் மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் என்று கணக்குப் போட்டாள். தோலைப் பொறுத்தவரை கணக்கில் பிழையில்லை. ஆனால் அவள் தொழிலில் எந்தப் பிராணியும் வெறும் தோலாகத்தான் மேஜைக்கு வருகிறது. பசு தாங்கிக்கொள்கிற அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. போதாக்குறைக்குப் பூனை தன்னைத் தானே நக்கிக் குளிக்கிற ஜாதி. ஈரலும் நாக்கும் கட்டிங் செக்‌ஷனுக்கு வருவதில்லை.

4

இந்த இடத்தில் அவளைத் தடுக்கப் பார்த்தேன். பக்கிள் உடைந்துபோவதாக ஒரு வரி எழுதினேன். மோகனா தைத்த பக்கிள் உடையுமா? லைனிங் நழுவி ஓடுவதாக இன்னொரு வரி. அதுவோ அவள் கூப்பிட்டதும் ஓடி வந்து கழுத்தை நீட்டியது. கட்டிவிட்டு, அழகு பார்த்து, போட்டோ எடுத்து, ‘உண்ணிப் பட்டை’ என்று எழுதி ஹுமேராவுக்கு அனுப்பினாள்.

பட்டையைக் கட்டி ______________ கழித்து, லைனிங்கின் காது வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

[கோடு போட்ட இடத்தை அப்புறம் நிரப்புகிறேன். எவ்வளவு நேரம் என்று இன்னும் முடிவாகவில்லை.]

வாயில் எச்சில் ஒழுகியது. பின்னங்கால்கள் கிடுகிடுவென்று நடுங்கின. மோகனா பதறி அதை வாரி எடுக்கும்போது போன் அடித்தது. ஹுமேரா போட்டோவை அப்போதுதான் பார்த்தாளாம். பட்டை சூப்பர் என்று புகழ்ந்துவிட்டு, அதில் என்ன தடவியிருக்கிறாய் என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் அவள் குரல் மாறிவிட்டது.

“கழட்டு மோகனா. மொதல்ல அதக் கழட்டு, அப்பறம் பேசு.”

நாய்க்கான உண்ணி மருந்தைப் போட்டு ஒரு பூனை போய்விட்டதை ஹுமேரா தன் சொந்தக்காரர் வீட்டில் கண்ணால் பார்த்தவள். வீட்டிலிருந்த இன்னொரு போனில் ஆம்பூர் பூனை டாக்டரைப் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல இந்தப் பக்கம் ஒப்பித்தாள். பாத்திரம் கழுவுகிற சோப்பால் கழுத்தைக் கழுவ வேண்டும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், துடைத்துத் துண்டில் சுற்ற வேண்டும், மருந்து பாட்டிலோடு உடனே கிளம்ப வேண்டும். கோபி தண்ணீர் ஊற்ற, மோகனா கழுவினாள். தோலில் ஊசிமுனைக் குறையைக் கண்டுபிடிக்கிற அந்த விரல்கள் முடியின் அடிவரை போய் மருந்தைத் தேடித் தேடித் தேய்த்தன.

கோபி ஓட்டிய பைக் ஆம்பூர் நெடுஞ்சாலையில் பறந்தது. லாரிகள் ஹாரன் அடித்தன. துண்டுக்குள் துடித்த லைனிங்கை மோகனா நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். பயமென்றால் அப்படி ஒரு பயம் அவளுக்கு.

“நான் ஆசையாதான்டா செஞ்சேன்,” என்று துண்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

5

முடிவு ஒன்று: கிளினிக் வாசலில் துண்டைப் பிரித்தபோது லைனிங்

[முடியாது. என் மடியில் என்னுடையது படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. இதை என்னால் எழுத முடியாது.]

முடிவு இரண்டு: ஊசி போட்டதும் நடுக்கம் நின்றது. மாலையே வீட்டுக்கு வந்து கோபியின் தட்டிலிருந்த மீனைத் திருடியது.

[இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதன் மேல் நம்பிக்கை வரவில்லை. சில பூனைகளுக்கு நடுக்கம் சீக்கிரம் அடங்கும், சிலவற்றுக்கு நாளாகும், சில பூனைகள் வீடு திரும்புவதே இல்லை. எல்லாம் மருந்து எவ்வளவு உள்ளே போயிற்று என்பதைப் பொறுத்தது.]

ஆகையால் நான் இதுவரை மட்டும் எழுதுகிறேன். கிளினிக் வாசலில் ஹுமேரா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மோகனா ஓடினாள். லைனிங் மேஜை மேல் இறங்கியது, உயிரோடுதான், கால்களை உதறிக்கொண்டு. டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், ஊசியில் மருந்தை இழுத்தார், தலை நிமிராமலே கேட்டார்:

“பட்டை கழுத்துல எவ்ளோ நேரம் இருந்துச்சிமா?”

மோகனா வாயைத் திறந்தாள். சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. நான்தான் அந்த இடத்தைக் கோடு போட்டு விட்டுவிட்டேனே.

கோடு நாலாம் பகுதியில் அப்படியே இருக்கிறது, ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு போய் நிரப்புங்கள். ஹுமேரா எப்போது போட்டோவைப் பார்த்தாள் என்பதும் இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், டாக்டர் காத்திருக்கிறார். நேரத்தை மட்டும், தயவுசெய்து, குறைத்துப் போடுங்கள்.