கூட நடக்க ஒரு ஆள்

தேர்தல் நாளில் அந்தத் தெருவில் தனியாக நடந்தவர்கள் யாரும் வாக்குச்சாவடிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. சாவடி இருந்த பள்ளிக்கூடம் தெருக்கோடியில், கண்ணுக்கெதிரேதான் இருந்தது. வாசலில் கொட்டாவி விடும் போலீஸ்காரரின் சொத்தைப் பல்கூடத் தெரியும். ஆனால் ஒற்றை ஆளாகப் போனால் தெரு நீண்டுகொண்டே போகும். இரண்டு பேராகப் போனால் பேச்சு முடிவதற்குள் வந்துவிடும். புகார் போய், அதிகாரிகள் டேப்போடு வந்தார்கள். டேப்பை இரண்டு பேர் பிடித்து அளந்ததால் தெரு சரியாகவே இருந்தது.

ஆகவே கட்சிகளுக்குப் பேச்சாளர்களைவிடக் கூட நடக்கிறவர்கள்தான் வேண்டியிருந்தார்கள். ஒரு கட்சிக்குத் தையல்காரி. கணவன் இறந்து, மகன் வெளியூருக்குக் குடிபோன பிறகு வீட்டில் அவளும் மெஷினும்தான். எதிர்க்கட்சிக்குப் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், மனைவியை இழந்தவர். அவள் ஒட்டிய போஸ்டர் மேல் அவர் தன் போஸ்டரை ஒட்டிய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

விடிந்ததும் தையல்காரி கதவுகளைத் தட்டுவாள். தனியாக இருப்பவர்கள் சலவைத் துணி உடுத்திக் காத்திருப்பார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் முரண்டு பிடிப்பார்.

"உங்க கட்சிக்குத்தான் போடுவேன்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேம்மா."

"பண்ண வேணாம். செருப்ப மாட்டுங்க."

முட்டிவலி, மருமகள், கரண்ட் பில் என்று வழியெல்லாம் பேசுவார். வீடு திரும்பியதும், "அடுத்த எலெக்‌ஷன் எப்பம்மா?" என்பார். அஞ்சு வருஷம் ஆகும் என்றால், சரி என்று தலையாட்டிக் கதவைச் சாத்திக்கொள்வார்.

தையல்காரி தன் ஓட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருப்பாள். ஓட்டுப் போட ஊருக்கு வரும் மகனோடு சேர்ந்து போவது வழக்கம். ஒரு தேர்தலன்று சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது. "லீவு கிடைக்கலம்மா. நீ போய்ப் போட்டுடு."

அவள் தனியாகக் கிளம்பினாள். பள்ளிக்கூடம் கிட்டே வரவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் பார்த்தாள், எதிர்ச்சாரியில் பூட்டுக்காரரும் வியர்க்க வியர்க்க நடந்துகொண்டிருந்தார். வரிசையில் நின்றால் அடுத்த ஆளைக் கூட்டிவர நேரமாகும் என்று அவரும் காலையிலிருந்து தன் ஓட்டைத் தள்ளிப்போட்டிருந்தார்.

"என்ன, அங்கேயே நிக்கிறீங்க?"

"நிக்கலைங்க. ரொம்ப நேரமா நடக்கிறேன்."

"இந்தப் பக்கம் வாங்க."

"சேர்ந்து போனா உங்க ஓட்டும் என் ஓட்டும் கழிஞ்சுபோயிடும். ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்த மாதிரிதான்."

"வீட்டுல இருந்து பார்த்தாச்சு. வாங்க."

அவர் தெருவைக் கடந்து வந்தார். போஸ்டர் விஷயத்தைப் பேசித் தீர்ப்பதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்பது இப்போது யாருக்கும் சரியாக நினைவில்லை. தபால்காரர் அடுத்த தேர்தலுக்கு இல்லை.

இருவரும் சேர்ந்து நடந்த அந்தத் தேர்தல் முடிந்த சில மாதங்களில், சாதாரண ஒரு சாயங்காலம், பூட்டுக்காரர் அவள் வாசலில் வந்து நின்றார்.

"பள்ளிக்கூடம் வரைக்கும் போயிட்டு வரலாமா?"

"இன்னிக்கு எலெக்‌ஷன் இல்லையே. தனியாவே போகலாமே."

"போகலாந்தான்" என்றார்.

அவள் மெஷினை மூடி வைத்துவிட்டு வந்தாள். அன்று தெரு அதன் சாதாரண நீளத்தில்தான் இருந்தது. சீக்கிரம் முடிந்துவிட்டது.