பச்சை நாக்கு

நற்கருணையைக் கையில் வாங்குகிறவர்களைக் கண்டால் லெனாட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மீன் அளையிற கையிலையோ ஆண்டவரை வாங்கிறது? நாக்கிலை வாங்குங்கோடா" என்று இளந்தாரிகளைக் கோயில் வாசலில் மறித்துக் கேட்பான். அப்படிப்பட்டவன் அந்த ஞாயிறு பூசையில் வாயை இறுக மூடிக்கொண்டு, சுவாமியாருக்கு முன்னால் இரண்டு கையையும் ஏந்தி நின்றான். பெண்கள் வரிசையில் நின்ற அவன் மனைவி கிறிஸ்ரினா அதைக் கண்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனுசன் காரணமில்லாமல் வழக்கத்தை மாற்றமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"நாக்கை நீட்டுங்கோ."

"உனக்கென்ன விசரே?"

"நீட்டுங்கோ எண்டுறன்."

நீட்டினான். பாசி பிடித்த கல் போல நாக்கு பச்சையாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை பிறகு வெளியே வந்தது. சீனி வருத்தத்துக்கு இனி இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து லெனாட் கிளினிக் பக்கமே போகவில்லை. கனடாவிலிருந்து தமையன் சிமியோன் அனுப்பிய ஏதோ குளிசையை விழுங்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். சீனியும் இறங்கித்தான் இருந்தது. அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. கிறிஸ்ரினாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது வேறொன்றுக்கு. இத்தனை நாள் அந்தக் குளிசையால் வந்த வயிற்றோட்டத்துக்கெல்லாம் இந்த மனுசன் அவளுடைய கணவாய்க் கறியைத்தானே குற்றம் சொன்னது.

மறுநாள் அவனையும் குளிசைப் போத்தலையும் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். டொக்டர் பிரதீபா லேபலை வாசித்துவிட்டு நாக்கைப் பார்த்தாள்.

"உதிலை வனேடியம் எண்ட உலோகம் இருக்கு, ஐயா. இன்சுலின் செய்யிற வேலையைக் கொஞ்சம் செய்யுமெண்டு ஆராய்ச்சியிலை கண்டவை, அது பொய்யில்லை. ஆனா குணமாக்கிற அளவுக்கும் நஞ்சாகிற அளவுக்கும் இடையிலை இடைவெளி மெத்தக் குறைவு. அதாலைதான் இன்னும் மருந்தாக்கேல்லை. உங்களுக்குக் கூடிப்போச்சு, நாக்கே சொல்லுது."

இரத்தத்தைச் சோதித்ததில் சிறுநீரகம் களைத்துப்போயிருந்தது தெரிந்தது. இப்போதே நிற்பாட்டினால் மீளலாம், ஆனால் ஊசியைத் தள்ளிப்போட முடியாது என்றாள் டொக்டர்.

திரும்பி வரும் வழியில் லெனாட் முதல்முறையாக உண்மையைக் கதைத்தான்.

"ஊசிக்குப் பயமில்லையடி. ஊசி போட்டவன் நேரத்துக்குச் சாப்பிடாட்டில் மயங்கி விழுவானாம். வள்ளத்திலை தனியப் போறன். நடுக்கடல்லை விழுந்தா ஆர் பாக்கிறது? கடலுக்குப் போகாட்டில் நான் ஆர்?"

இவனைக் கரையில் கட்டி வைத்தால் ஊசியே தேவைப்படாமல் செத்துப்போவான் என்று கிறிஸ்ரினாவுக்குத் தெரிந்தது. நஞ்சு தின்ன விடவும் அவளால் முடியாது.

விடியும்போது லெனாட் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினான். பின்னாலேயே அவள் வந்தாள். கையில் பனையோலைப் பை. அதற்குள் ஊசி, புட்டுப் பொதி, சீனி கரைத்த தண்ணீர்ப் போத்தல். அந்தக் கரையில் பெண்கள் மீனைத் தரம் பிரிப்பார்கள், விற்பார்கள், வள்ளத்தில் ஏறிக் கண்டவர் இல்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பக்கத்து வள்ளக்காரன் சுபாஸ் வலையூசியை அந்தரத்தில் பிடித்தபடி பார்த்தான்.

"என்ன செய்யிறாய்?" என்றான் லெனாட்.

"ஆர் பாக்கிறது எண்டு கேட்டனீங்கள். நான் பாக்கிறன்."

சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். வள்ளம் ஒருபக்கம் சரிந்து ஆடியது. லெனாட் கரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து, பலகையில் குவிந்திருந்த வலையை இரண்டு கையாலும் அணைத்து ஒதுக்கி, ஒரு ஆள் இருக்க இடம் விட்டான்.