இடது கையைத் தூக்குங்க

பொன்மணியின் வாய் திறந்திருந்தது; பேசத்தான் வழியில்லை. கடைவாயில் மரத்துப்போக வைக்கிற மருந்து தடவிய பஞ்சு, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய், முகத்துக்கு நேரே விளக்கு. ஐந்து மாத வயிறு அழுந்தாமலிருக்க டாக்டரம்மா அவளுடைய வலது இடுப்புக்கு அடியில் சின்னத் தலையணை ஒன்றைச் செருகியிருந்தார். இந்தப் பத்து நாளில் அவளுக்கு ஒருத்தர் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.

பத்து நாளும் பல்வலிக்குக் கிராம்பும் உப்புத்தண்ணீரும்தான் வைத்தியம். கன்னம் வீங்கிக் கண் இடுங்கிப்போன பிறகு, ஊர் நர்ஸ் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டதில்தான் மாமியார் சொர்ணத்தாய் ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு நாகலாபுரத்தில் பஸ் ஏறினாள். மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் கோவில்பட்டிக்கு வந்தது. தட்டில் ஊசியைக் கண்டதும் நாற்காலியை ஒட்டி வந்து மருமகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திர மட்டும் குடுங்க டாக்டரம்மா. பேறுகாலம் முடிஞ்சு புடுங்கிக்கிடுதோம்."

"சீழ் வச்சிருக்கும்மா, காய்ச்சலும் இருக்கு. விட்டாத்தான் புள்ளைக்கு ஆபத்து. இந்த ஊசி புள்ளைய ஒண்ணும் செய்யாது."

"எனக்கும் இப்படித்தான் சொன்னாவ." சொர்ணத்தாயின் குரல் இறங்கியது. "பல்லப் புடுங்குன பத்தாம் நாளு வயித்துல அசைவு நின்னுபோச்சு. இசக்கிராஜாவுக்கு மூத்தது. பொம்பளப்புள்ள."

மூன்று வருடமாகப் பொன்மணியும் அத்தையும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். தன் புருஷனுக்கு முன்னால் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று வீட்டில் யாரும் மூச்சுவிட்டதில்லை. பத்து நாளாக அத்தைமேல் சேர்த்துவைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அது இருந்திருந்தாலாவது கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"பல் எடுத்ததால அப்படி ஆகாதும்மா."

"இருக்கட்டும். இவளுக்கு வேண்டாம்."

சொர்ணத்தாய் ஒரு கையாலேயே போனை எடுத்து மகனை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். ஆந்திராவில் எங்கோ லாரியில் இருந்தான் இசக்கிராஜா. ஸ்பீக்கரில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"அம்மா சொல்லுததக் கேளு பொன்மணி. அவியளுக்குத் தெரியாததா? என்ன, சரிதான?"

பஞ்சை மீறி அவள் தொண்டையிலிருந்து ஒரு முனகல்தான் வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, லோடு இறக்கணும் என்று அவன் வைத்துவிட்டான்.

டாக்டரம்மா அவள் முகத்தருகே குனிந்தார். "பஞ்சு இருக்கட்டும், பேச வேண்டாம். நீங்க சொன்னா எடுக்கேன். எடுக்கணும்னா இடது கையைத் தூக்குங்க."

வலது கை வயிற்றின் மேல் இருந்தது. அதை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. இடது கையை அசைத்தாள். அத்தையின் பிடி இறுகியது. அந்தப் பிடிக்குள் பொன்மணியின் கண்ணாடி வளையல்கள் உரசிச் சத்தமிட்டன.

பொன்மணி கையைத் தூக்கினாள். அதைப் பிடித்திருந்த கையும் கூடவே எழுந்தது. விளக்கு வெளிச்சத்துக்குள் பாதி தூரம் வந்து இரண்டும் அப்படியே நின்றன.